துப்பாக்கித் தோள்வாரின் ஸ்விவல்: மாட்டுவதற்கு முன்பும் பின்பும் பார்க்க வேண்டியவை

தோள்வாரைத் துப்பாக்கியோடு இணைத்து, வேண்டும்போது கையாலேயே கழற்றிவிட உதவும் கொக்கியை ஸ்விவல் என்கிறோம். அது மாட்டிக்கொள்வதற்காகத் துப்பாக்கிக் கட்டையில் திருகி இறக்கப்பட்ட, குறுக்கே ஒரு துளை உள்ள சிறு முளை ஸ்டட். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஸ்விவல் வாங்கலாம் என்பதுதான். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது.

ஸ்விவல் உடைந்து துப்பாக்கி விழுந்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். மற்ற முறையெல்லாம் மரத்திலிருந்து ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வந்தது, அல்லது ஸ்விவலின் ஊசி முழுதாக அமரவில்லை, அல்லது அதன் பொத்தான் தெரியாமல் அழுந்தித் திறந்துகொண்டது, அல்லது வார் பக்கிளிலிருந்து வழுக்கிவிட்டது. ஆகவே சோதனை துப்பாக்கிக் கட்டையில் தொடங்கி, ஸ்டட், ஸ்விவல், வார் என்று வெளிநோக்கிப் போக வேண்டும். பளபளப்பாக இருப்பதால் ஸ்விவலில் தொடங்குகிறவர்கள், அது நன்றாக இருப்பதைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கீழே உள்ளவை ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் பொருந்தும். நம் நாட்டில் உரிமம் பெற்ற பொதுமக்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஷாட்கன் என்பதால், அதற்கே உரிய இடங்களை ஆங்காங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உரிமம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீஸ் தரும் உரிமம் துப்பாக்கிக்கு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறை தரும் உரிமம் வேட்டைக்கு. இரண்டும் வேறு வேறு. உரிமம் இல்லாத தம்பியின் கையில், பழகிப் பார்க்கட்டும் என்றுகூடத் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது.

அதனால் நான் ஒரு பலகை வைத்திருக்கிறேன். இரண்டு அங்குலக் கனமும் ஒரு முழ நீளமும் உள்ள ரப்பர் மரத்துண்டு. அதில் ஒரு முனையில் மரத்திருகு ஸ்டட், மறுமுனையில் பொத்தான் வகை ஸ்விவலுக்கான குழிக் கிண்ணம் (வகைகளை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்). புதியவர்கள் மாட்டுவதையும் கழற்றுவதையும் அதில்தான் பழகுகிறார்கள். துப்பாக்கியில் பழகினால் கட்டையில் கீறல் விழும் என்பது சின்னக் காரணம். கவனம் இரண்டு பக்கம் சிதறும் என்பது பெரிய காரணம்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிறு காந்தம், டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், ஐசோபுரொப்பில் ஆல்கஹால், மெல்லிய துப்பாக்கி எண்ணெய், திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறத் திருகுப்பசை, வெள்ளை மார்க்கர், இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய சத்தே குச்சிகள் சில. இவற்றோடு, ஊருக்கு விமானத்தில் போகும்போது பெட்டி எடை பார்க்க வாங்கி வைத்திருப்போமே, அந்தக் கொக்கித் தராசு. அது ஐம்பது கிலோ வரை காட்டும். நமக்குப் பதினைந்து போதும்.

2. துப்பாக்கியை வெறுமையாக்குதல்

குண்டறையையும் மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வையுங்கள். வாரை இழுத்துப் பார்க்கும் வேலையில் குழல் முனை எல்லாப் பக்கமும் திரும்பும், கை விசைப் பக்கம் தற்செயலாகப் போகும். நேற்றே வெறுமையாக்கி வைத்தேன் என்பது இன்றைக்குச் செல்லாது.

3. உங்களிடம் இருப்பது எந்த வகை

ஊசி வகையில், சுருள்வில்லின் பலத்தில் நிற்கும் ஓர் ஊசி ஸ்டட்டின் துளை வழியாகப் போய் எதிர்ப்பக்கத்துக் கண்ணில் அமர்கிறது. அந்த ஊசி தானாக விலகிவிடாமல் ஒரு திருகு வளையம் பூட்டுகிறது. திறக்கும் விதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும். வேட்டைத் துப்பாக்கிகளில் அதிகம் காண்பது இதுதான்.

பொத்தான் வகையில் ஸ்டட் கிடையாது. கட்டையில் பதித்த உலோகக் குழிக்குள் ஸ்விவலின் தண்டு நுழைகிறது. பொத்தானை அழுத்தும்போது தண்டின் பக்கவாட்டில் உள்ள சிறு எஃகு உருண்டைகள் உள்ளே ஒதுங்குகின்றன. விட்டதும் நடுக்கம்பி பின்வாங்கி அவற்றை வெளியே தள்ள, அவை குழியின் உட்சுவரில் உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொள்கின்றன.

ஷாட்கன்னில் முன்பக்கம் பெரும்பாலும் மரத்தில் இருக்காது. மேகசின் குழாயின் மூடியிலோ, குழலைச் சுற்றிய பட்டையிலோ இருக்கும். மூடியில் இருந்தால், ஸ்விவல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மூடி தளர்ந்தால் எல்லாம் தளர்ந்துவிடும் என்பதால், மூடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வகையை முதலில் அறியச் சொல்வதற்குக் காரணம், இரண்டின் பலவீனமும் வேறு வேறு இடத்தில் இருப்பதுதான். ஊசி வகை தளர்ச்சியால் தோற்கும். பொத்தான் வகை அழுக்கால் தோற்கும்.

4. ஸ்டட்டைச் சோதித்தல்

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

பின்கட்டையின் ஸ்டட் மரத்திருகு. அதன் பிடிப்பு முழுவதும் மரத்தின் நாரில் இருக்கிறது. சத்தே குச்சியை ஸ்டட்டின் துளையில் நுழைத்து இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். ஸ்டட் இறுக்கமாக இருந்தால் குச்சி ஒடியும். குச்சி ஒடியாமல் ஸ்டட் திரும்பினால் அது தளர்ந்துவிட்டது. ஸ்குரூடிரைவரைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால், நல்ல ஸ்டட்டையும் நீங்களே திருப்பிவிடுவீர்கள்.

அடுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஸ்டட்டின் அடியைப் பாருங்கள். மரத்தில் நார்போக்கில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால், முதலில் போட்ட துளை சிறியதாக இருந்து திருகு மரத்தைப் பிளந்திருக்கிறது. வெடிப்பு இல்லாமல் அடி கறுத்து மெத்தென்று இருந்தால், துப்பாக்கி எண்ணெய் ஆண்டுக்கணக்கில் ஊறி நார் நொய்ந்திருக்கிறது. துப்பாக்கியைக் குழல் மேலாக நிறுத்தி வைக்கிறவர்களின் கட்டையில் எண்ணெய் கீழே இறங்கி இதைச் செய்யும்.

தளர்ந்த துளைக்குள் பல்குத்தியும் பசையும் திணித்து இறுக்குவது நம்மிடையே வழக்கம். அலமாரிக் கதவின் கீலுக்கு அது போதும். மூன்றரைக் கிலோ துப்பாக்கி தோளில் குலுங்கும் இடத்தில் அது சில மாதம் தாங்கி, தாங்கும் என்ற நம்பிக்கையை உண்டாக்கிவிட்டுப் பிறகு கைவிடும். முறையான வழி, துளையைப் பெரிதாக்கி, கடினமரக் குச்சியை எப்பாக்சியால் ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் திருகின் மரைக்கு உட்பட்ட தண்டின் அளவுக்குப் புதுத்துளை இடுவது. இதை உங்கள் வீட்டுத் துளைபோடும் இயந்திரத்தால் செய்யாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிடம் விடுங்கள். ஆயுதத்தைப் பழுதுபார்ப்பது உரிமத்துக்கு உட்பட்ட வேலை என்பதோடு, துளை கோணலாகப் போனால் கட்டையே வீணாகும்.

முன்கட்டையின் ஸ்டட், ரைஃபிளில், பெரும்பாலும் மரத்திருகாக இருக்காது. அது இயந்திரத் திருகு, உள்ளே ஒரு நட்டில் பிடித்திருக்கும். இங்கே இரண்டு தவறுகளைப் பார்க்கிறேன். ஒன்று, நட்டு மரத்துக்குள் புதைந்து போகும்வரை இறுக்குவது. மற்றது, நீளமான திருகைப் போட்டு அதன் நுனி குழலின் அடியைத் தொடும்படி விடுவது. குழலைத் தொட்டால் குறி மாறும். காரணம் தெரியாமல் தொலைநோக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த நட்டுக்கு நீலத் திருகுப்பசை ஒரு துளி போதும். முதலில் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடைத்து, பசையிட்டு, ஒரு நாள் விட்டுவிடுங்கள். சிவப்பு வேண்டாம்; அதைக் கழற்றத் தீவிரமாகச் சூடாக்க வேண்டியிருக்கும், சூட்டில் கட்டையின் மெருகு போய்விடும். மரத்திருகில் எந்த நிறப் பசையும் பயன்படாது. இந்தப் பசை உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில், காற்றுப் படாத இடத்தில்தான் இறுகும். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கவும் வைக்கும் என்பதால், செயற்கைக் கட்டையின் மேல் வழியவிடாதீர்கள்.

கடைசியாக ஸ்டட்டின் துளை நிற்கும் திசை. அது துப்பாக்கியின் இடமிருந்து வலமாக, நேர்குறுக்காக இருக்க வேண்டும். இறுக்கி முடிக்கும்போது கோணலாக நின்றால், புதியவர்கள் கால்சுற்று பின்னால் திருப்பி நேராக்குகிறார்கள். அந்தக் கால்சுற்றுதான் தளர்ச்சியின் தொடக்கம். முன்னோக்கி மட்டுமே திருப்புங்கள். முடியாவிட்டால், அடியில் ஒரு மெல்லிய வாஷர் சேர்த்துத் திரும்ப இறுக்குங்கள்.

5. ஸ்விவலை மேசையில் வைத்துச் சோதித்தல்

ஸ்விவலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி வெள்ளைத்துணி மேல் வையுங்கள். காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். பிடித்தால் எஃகு. பிடிக்காவிட்டால் அலுமினியமாகவோ வார்த்த துத்தநாகக் கலவையாகவோ இருக்கலாம். சில துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தைப் பிடிக்காது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால், காந்தமும் பிடிக்காமல், ஊசி அமரும் கண்ணின் ஓரம் வார்ப்புக் கோடுகளோடு சொரசொரப்பாக இருந்து, விலையும் ஒரு தட்டு மீ கோரெங் விலையாக இருந்தால், அதைச் சாவிக்கொத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்த அந்த ஒரே உடைவு இப்படிப்பட்ட ஒன்றில்தான் நடந்தது.

ஊசி வகையில் ஊசியைப் பத்து முறை இழுத்து விடுங்கள். பத்து முறையும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு முறை தயங்கினால் சுருள்வில்லில் துருவோ அழுக்கோ இருக்கலாம்; ஆல்கஹாலில் கழுவி, ஒரு துளி எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஊசியின் நடுப்பகுதியை நகத்தால் வருடுங்கள். ஸ்டட் உரசிய இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் தேய்மானம் தொடங்கிவிட்டது.

பொத்தான் வகையில், குழியில் நுழைப்பதற்கு முன் பொத்தான் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். நுழைத்து விட்டபின் அதே உயரத்துக்கு அது எழும்பியிருக்க வேண்டும். அரிசிமணிக் கனம் தாழ்ந்து நின்றாலும் நடுக்கம்பி முழுதாகத் திரும்பவில்லை, உருண்டைகள் பாதிதான் வெளியே வந்திருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் அது மாட்டியது போலவே தெரியும், துப்பாக்கியையும் தூக்கும். முதல் குலுக்கலில் கழன்றுவிடும்.

குழியின் உள்ளே பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றி எடுங்கள். தோட்டத்து மண், செம்பனைப் பூவின் தூள், பழைய எண்ணெய்ப் பிசின் எல்லாம் வரும். குச்சி வெள்ளையாக வரும்வரை சுற்றுங்கள். குழியில் எண்ணெய் விடாதீர்கள். அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

6. மாட்டும் வரிசை

முதலில் ஸ்விவல்களை வாரில் கோத்து, வாரின் நீளத்தையும் சரிசெய்து முடியுங்கள். அதன்பின் பின்கட்டையில் மாட்டுங்கள். முன்பக்கம் கடைசியில். துப்பாக்கியில் மாட்டியபின் வாரைக் கோத்தால், பக்கிளை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்விவல் திருகிக்கொண்டு ஸ்டட்டை நெம்பும். முன்பக்கத்தை முதலில் மாட்டினால் வார் முறுக்கிக்கொண்டிருப்பது தோளில் போடும்வரை தெரியாது.

ஒவ்வொரு பக்கமும் மாட்டியவுடன் மூன்று காரியம். முதலில் பாருங்கள்: ஊசியின் நுனி எதிர்க்கண்ணில் தெரிகிறதா, பொத்தான் எழும்பியிருக்கிறதா. அடுத்து, பொத்தானையோ ஊசியையோ தொடாமல் வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். பிறகு ஸ்விவலை இரண்டு பக்கமும் சுழற்றி இன்னொரு முறை இழுங்கள். சுழற்றியபின் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது: பாதி அமர்ந்த உருண்டைகள் ஒரு திசையில் பிடித்துக்கொண்டு, திரும்பியதும் விட்டுவிடும்.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, 'டிக்'குனு சத்தம் கேட்டுச்சே, அதுக்கப்புறம் எதுக்கு இழுக்கணும்?" என்றான். பலகையின் குழிக்குள் ஒரு சிட்டிகை மணலைப் போட்டு, மாட்டச் சொன்னேன். 'டிக்' கேட்டது. இழுத்தான், ஸ்விவல் கையோடு வந்தது. அதன்பின் அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊசி வகையில் திருகு வளையத்தை விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். பிளையரால் இறுக்கினால் மரை தேயும்; அதோடு, அவசரத்தில் கையால் கழற்ற முடியாத ஸ்விவல் எதற்கு? வளையத்தையே மறந்துவிடுவதுதான் இதைவிட அதிகம் நடக்கும் தவறு. இறுக்கியபின் வளையத்துக்கும் உடலுக்கும் குறுக்காக வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்து நின்றால் வளையம் நகர்ந்திருக்கிறது என்று நடந்துகொண்டே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

7. வார்

நைலான் வார் பக்கிளில் வழுக்கும். புதிதில் பளபளப்பாக இருக்கும்போதும், மழையில் நனைந்தபோதும் இன்னும் அதிகமாக வழுக்கும். வாரின் வால்பகுதியைப் பக்கிளில் ஒருமுறை கோத்ததோடு விடாமல், திருப்பி இன்னொரு முறை அதே பக்கிளுக்குள் விட்டு, குறைந்தது நான்கு விரற்கடை மிச்சம் வையுங்கள்.

தோல் வார் அழகுதான். பினாங்கின் ஈரத்தில் இரண்டு வாரம் அலமாரிக்குள் இருந்தால் பூஞ்சை பூக்கும், தையல் நூல் உள்ளுக்குள்ளேயே மக்கும். தோல்தான் வேண்டும் என்பவர்கள் தையலை மாதம் ஒருமுறை வளைத்துப் பார்க்க வேண்டும்.

வாரின் அகலமும் ஸ்விவலின் வளையமும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றேகால் அங்குல வாரை ஒரு அங்குல வளையத்தில் நெருக்கித் திணித்தால் ஓரங்கள் மடங்கி அறுபடும்.

8. எடைச் சோதனை

துப்பாக்கியை மெத்தை மேல் படுக்க வைத்து, ஒருவர் கட்டையை இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். உரிமக்காரர் பிடிக்க, உதவிக்கு வந்தவர் தராசை மட்டும் கையாள்வதே சரி. கொக்கித் தராசை ஸ்விவலுக்கு அருகில் வாரில் மாட்டி, பதினைந்து கிலோ காட்டும்வரை சீராக இழுங்கள்: ஸ்டட்டுக்கு நேராக ஒரு முறை, குழலை நோக்கிச் சாய்த்து ஒரு முறை, இடமும் வலமும் ஒவ்வொரு முறை. நேராக இழுப்பதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தோளில் தொங்கும் துப்பாக்கி நடக்கும்போது பக்கவாட்டில்தான் ஆடுகிறது. மரத்திருகு தளர்வதும் அந்த ஆட்டத்தால்தான்.

மூன்றரைக் கிலோவுக்கு ஏன் பதினைந்து என்றால், கால்வாயைத் தாண்டிக் குதிக்கும்போதும் சரிவில் வழுக்கி நிற்கும்போதும் வார் வாங்கும் வெட்டு இழுப்பு, நிற்கும்போது உள்ள எடையைப் போலப் பல மடங்கு. அதற்காக ஐம்பது கிலோவுக்கு இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். நல்ல ஸ்டட்டைச் சோதனையிலேயே கெடுத்தவர்கள் உண்டு.

வாருக்கு வேறு சோதனை. துப்பாக்கியிலிருந்து கழற்றிய வாரைக் குளியலறைக் கம்பியில் போட்டு, இரண்டு ஸ்விவல்களிலும் 10 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். கம்பியை நம்பாதவர்கள் மாமரக் கிளையில் கட்டலாம். பக்கிள் நிற்கும் இடத்தில் வாரின் மேல் மார்க்கரால் கோடு போட்டு, வாரை நனைத்து, இரவு முழுதும் விடுங்கள். காலையில் கோடு பக்கிளை விட்டு விலகியிருந்தால் அந்தப் பக்கிளை நம்பாதீர்கள்.

9. தோட்டத்துக்குள்

செம்பனை மட்டையின் அடிமுள் தளர்ந்த வாரைக் கொக்கி போலப் பிடிக்கும். நாம் முன்னால் நடக்க, துப்பாக்கி பின்னால் நிற்க, முழு இழுப்பும் ஸ்டட்டில் விழும். வரிசையாக மட்டை குவித்திருக்கும் இடத்தில் வாரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கையில் ஏந்துங்கள். சட்டென்று கழற்றக்கூடிய ஸ்விவலை வாங்குவது இதற்காகத்தான்; ஆனால் வாங்கியபின் கழற்றுகிறவர்கள் குறைவு.

பொத்தான் வகையைப் போட்டவர்கள், பொத்தான் உங்கள் உடலைப் பார்த்தபடி இருக்கிறதா, வெளியைப் பார்த்தபடி இருக்கிறதா என்று கவனியுங்கள். முதுகுப் பையின் பட்டையோ இடுப்பு பெல்ட்டோ பொத்தான் மேல் அழுந்தினால், நீங்கள் தொடாமலேயே அது திறந்துகொள்ளும். என் துப்பாக்கி விழுந்தது அப்படித்தான். சுங்கை பக்காப் பக்கம் ஒரு வடிகாலைத் தாண்டுவதற்காக குண்டுகளை எடுத்துவிட்டுக் காலை எட்டிவைத்தேன். பையின் பட்டை பொத்தானை அழுத்த, துப்பாக்கி தலைகீழாகச் சேற்றில் குத்தி நின்றது.

அப்படி விழுந்தால், எடுத்தவுடன் துடைப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. குண்டறை வெறுமையா என்று முதலில் உறுதிசெய்து, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குழலுக்குள் மண் அடைத்திருக்கச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். குழலைத் துடைக்கும் குச்சி கையில் இல்லாவிட்டால் அன்றைக்கு வேட்டை முடிந்தது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வடிகால், வேலி, ஏணி எதுவானாலும் குண்டு நிறைத்த துப்பாக்கியை வாரால் பிடித்து இழுக்கவோ இறக்கவோ கூடாது. எந்த ஸ்விவலும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

10. திரும்பி வந்தபின்

அன்று இரவே கழற்றுங்கள். நாளை என்று விட்டால் வியர்வை உப்பு வேலையைத் தொடங்கிவிடும். தெலுக் கும்பார், பாலிக் புலாவ் போலக் கடற்காற்று வரும் இடங்களில் இன்னும் வேகமாக. பிரஷால் மண்ணைத் தட்டி, ஆல்கஹாலால் துடைத்து, ஊசியில் ஒரு துளி எண்ணெய் விட்டு, துடைத்து, வாரை நிழலில் உலர்த்துங்கள். ஈர வாரைத் துப்பாக்கியோடு சேர்த்து உறைக்குள் போட்டு மூடுவது, ஸ்விவலோடு குழலுக்கும் துருவை அழைத்து வைப்பது.

11. எப்போது மாற்றுவது

ஊசி வளைந்திருந்தால், பள்ளம் நகத்தில் தட்டினால், திருகு வளையத்தின் மரை வழுக்கினால், பொத்தான் சுத்தம் செய்தபின்னும் தாழ்ந்தே நின்றால், சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பழைய ஊசியைப் புதிய உடலில் போட்டு ஒப்பேற்றுவது வேண்டாம். இரண்டு ஸ்விவலும் ஒரே வயதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கழித்த ஸ்விவலை நான் பிளையரால் வளைத்த பிறகுதான் குப்பையில் போடுகிறேன். ஒருமுறை வளைக்காமல் கருவிப்பெட்டியின் மூலையில் போட்டு வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து அது என் தம்பியின் துப்பாக்கியில் மாட்டியிருந்தது.